மேப்ரியின் முழங்கை வலி

பச்சை குத்திக்கொண்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஓர் இனத்தைப் பற்றி. ஆறடி ஆறங்குலம் வளர்ந்து, அந்த உயரம் முழுவதையும் எழுதுவதற்கென்றே கடவுள் கொடுத்தார் என்று நம்பி, கழுத்தில் தொடங்கிக் கணுக்கால் வரை தன் வாழ்க்கை வரலாற்றைத் தோலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, கையில்லாத பனியனும் தொளதொள அரைக்கால் சட்டையுமாக வந்து நின்று, அதை இருபதாயிரம் பேருக்குப் படிக்கக் கொடுக்கிறானே, அந்தக் கூடைப்பந்து ஆட்டக்காரனைப் பற்றி. நீங்கள் இவனைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ரொம்பப் பக்கத்தில்.

டோலிடோ லாந்தர்ஸ் அணியில் இருபத்திரண்டு வருடமாக, ஆட்டத்தில் சுளுக்கு விழாமல் இருக்கக் கணுக்காலுக்கு டேப் சுற்றுகிறவன் நான். பையன்கள் என்னை டேப் அண்ணே என்பார்கள். என் உண்மைப் பெயர் தெரிந்தவர்கள் சம்பளச் சீட்டு எழுதுகிறவர்கள் மட்டும்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் பன்னிரண்டு பேர், இருபத்து நான்கு கணுக்கால். மேசையில் ஒருத்தன் மல்லாந்து கிடக்கும்போது எனக்குப் படிக்க வேறென்ன இருக்கிறது? அவனையேதான் படிப்பேன். குப்புறப் படுத்தால் இரண்டாம் பாகம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அணி முழுவதிலும் ஒரே ஒருத்தனுக்குத்தான் தோளில் ஒரு நங்கூரம் இருந்தது. அவன் கப்பற்படையில் இருந்தவன். ஆட்டத்துக்கு முன்னால் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடச் சொல்லுவான், அம்மா பார்த்தால் திட்டுவாளாம். பிறகு ஒரு வருடம் ஒருத்தன் சிலுவையோடு வந்தான். அடுத்த வருடம் நான்கு பேர். அப்புறம் தீப்பிடித்த பந்து, இறக்கை முளைத்த பந்து, கிரீடம் வைத்த பந்து, பிறந்த தெருவின் பெயர், பிறந்த ஊரின் தொலைபேசி எண், செத்துப்போன நண்பன், சாகாத நண்பன், சிங்கம், இன்னொரு சிங்கம். இரண்டாயிரத்து நான்கில் எங்கள் அணியில் வெறும் தோலோடு இருந்தது ரூப்பர்ட் கில்லியம் ஒருத்தன்தான். முப்பத்தாறு வயது, ஏழடி உயரம், எல்லாருக்கும் அவன் பெரிசு. பத்திரிகைக்காரர்கள் அவனைத் தனியே கூப்பிட்டு, "ஏன் இன்னும் குத்திக்கல? உடம்புக்கு ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கவலையோடு விசாரித்தார்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். ஆட்டம் முடிந்ததும் குளித்துவிட்டுச் சட்டை போடுவதற்கு இவனுக்கு நாற்பது நிமிடம் ஆகும். கேமராக்கள் வெளியே போகும் வரை சட்டை அகப்படாது. போனதும் உடனே அகப்பட்டுவிடும். "இதுதான்ணே கடைசி" என்பான். அவன் கடைசிகளை எண்ணி நான் களைத்துவிட்டேன். எதைச் சுட்டிக் கேட்டாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு." பிறகு கண்ணை மூடுவான். ஒரு பெருமூச்சு விடுவான். என்ன அர்த்தம்? வலி, போராட்டம், குடும்பம், கடவுள் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் தேளுக்குக்கூடக் குடும்பம் என்றுதான் ஒருத்தன் சொன்னான்.

அம்மா முகம் கட்டாயம். அதைப் பத்தொன்பது வயதில் ஒல்லிக் கையில் குத்திக்கொள்வான். பிறகு ஐந்து வருடம் எடை தூக்குவான். அம்மாவின் கன்னம் வீங்கிக்கொண்டே போகும். ஒரு முறை ஒருத்தனுடைய தாயார் என் அறைக்கு வந்து, மகனின் புஜத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, "யாருடா இந்தப் பொம்பள?" என்று கேட்டதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

புதிதாக வந்த பையன்கள் விசுவாசம் மேலிட்டு எங்கள் அணிச் சின்னமான லாந்தர் விளக்கைக் கெண்டைக்காலில் குத்திக்கொள்வார்கள். குத்தின புண் ஆறுவதற்குள் நிர்வாகம் அவர்களை வேறு அணிக்கு மாற்றிவிடும். அந்த வகையில் எங்கள் லாந்தர்கள் மூன்று இன்று மூன்று வேற்றூர்களில் எரிந்துகொண்டிருக்கின்றன.

இவ்வளவு தைரியசாலிகள் ஊசிக்குப் பயந்தவர்களாக இருக்க முடியுமா? இருக்க முடியும். ஆறு மணி நேரம் அசையாமல் படுத்து, விலா எலும்பின்மேல் கழுகு பறக்கவிட்டுக்கொண்டவன், குளிர்காலக் காய்ச்சலுக்கு நான் ஒரு தடுப்பூசியை எடுத்தால் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான்.

"இது வேற ஊசி அண்ணே!"

"என்னடா வேற?"

"இதுல அர்த்தமே இல்ல!"

சரி, இனத்தைச் சொல்லியாயிற்று. இனி அதன் ஒப்பற்ற மாதிரியைக் காட்டுகிறேன். பெயர் டவாரிஸ் மேப்ரி. பந்தைக் கொண்டுபோகிற ஆட்டக்காரன், இருபத்தெட்டு வயது, தங்கமான பையன், யோசனை மட்டும் எப்போதும் ஒரு நாள் தாமதமாக வரும். ஆறு வருடத்தில் ஐந்து அணி மாறி எங்களிடம் வந்தவன். ஐந்து ஊரின் வரைபடமும் முதுகில் இருந்தது.

அந்த ஐந்து ஊருக்கும் பெட்டி கட்டியவள் அவன் மனைவி ஒடெஸ்ஸா. அவளுக்குப் பல் சுத்தம் செய்கிற வேலை. மாநிலம் மாறும்போதெல்லாம் உரிமத் தேர்வைப் புதிதாக எழுதவேண்டும். மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் தேறினாள், தேறி நாற்காலியைச் சரிசெய்து உட்கார்வதற்குள் மூன்று முறையும் புருஷனை மாற்றிவிட்டார்கள். நான்காவது முறை புத்தகத்தை எடுக்கவே இல்லை. டோலிடோவுக்கு வந்தபோது அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. ஸ்கேனில் ஆண் குழந்தை என்று தெரிந்த அன்று அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த ஊர்ல இருக்கணும்னு நான் சொல்லல. எந்த வீடுன்னு நான் சொல்லல. எப்ப சாப்பிடறதுன்னுகூட உன் ஆட்டந்தான் சொல்லுது. புள்ளைக்குப் பேரு மட்டும் நான் வைக்கறேன். குடுத்துடு."

மேப்ரி தன் புஜத்தில் இருக்கும் அம்மா முகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். இந்த இனத்தில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

சத்தியம் செய்த மறுவாரமே அவனுக்கு ஒரு பெயர் தோன்றிவிட்டது. லெஜண்ட்.

"லெஜண்ட் மேப்ரி! கேட்டுப் பாருங்கண்ணே, புல்லரிக்குதா இல்லையா?"

"ஒடெஸ்ஸா என்ன சொல்றா?"

"எல்லிஸ்னு ஏதோ சொல்றா. ‘லெஜண்ட், மூக்கத் தொடச்சுக்கோ’ன்னு எந்த டீச்சராவது சொல்லுவாளான்னு சிரிக்கறா. சாதாரணப் பேருதான் வேணுமாம். வெறும் மனுஷன் பேரு."

"அப்ப எல்லிஸ்தான்."

"பாக்கலாம்ணே," என்றான். அவன் 'பாக்கலாம்' என்றால் ஏற்கெனவே முடிவு பண்ணியாகிவிட்டது என்று அர்த்தம்.

பிப்ரவரியில் பதினோரு நாள் வெளியூர்ப் பயணம். அதில் டென்வர் நகரில் ஓட்டலில் இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் என்ன பொருள்? மரிசோல் வருவாள் என்று பொருள். மரிசோல் பச்சை குத்துகிற பெண். ஆட்டக்காரர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊருக்குச் சின்னப் பெட்டியோடு விமானத்தில் வந்து, ஓட்டல் அறையில் மேசை விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் காலை மேப்ரி வலது முன்கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். பிரித்துப் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, உள்பக்கத்தில், மூன்றங்குல எழுத்தில் லெஜண்ட். மேலே கிரீடம். கிரீடத்துக்கு மேலே ஒளிவட்டம்.

"ஒடெஸ்ஸாகிட்ட கேட்டியாடா?"

"சொல்லிக்கலாம்ணே."

"நான் கேட்டியான்னு கேட்டேன்."

"அண்ணே, யோசிச்சுப் பாருங்க. பேப்பர்ல எழுதினா கிழிச்சிடுவா. தோல்ல வந்துட்டா? அப்புறம் அவளே, சரி போ, குத்திட்டான்னு விட்டுடுவா. அழகா இருக்குல்ல?"

பெரிசு பக்கத்து மேசையில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தான். "அழகாத்தான் இருக்கு. பக்கத்துலயே உன் வக்கீல் பேரையும் போட்டுக்கோ," என்றான்.

அறை சிரித்தது. மேப்ரியும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. ஊருக்குப் போய் நேரில் நயமாகச் சொல்கிற வரை மறைக்கவேண்டுமே! மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கமான கறுப்புத் துணியுறை ஒன்றைக் கேட்டான். கொடுத்தேன். யாராவது கேட்டால் முழங்கை வலி என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். என் தப்புதான். அப்போது அது ஒரு சின்னப் பொய்யாகத் தெரிந்தது.

பொய்யைப் பத்திரிகைக்காரனிடம் சொன்னால் அது வளரும். முதல் நாள் "முழங்கையில் லேசான வலி" என்று வந்தது. இரண்டாம் நாள் "வீக்கம்". மூன்றாம் நாள் "தசைநார்". டோலிடோ வானொலியில் ஒரு ரசிகர் அழுதார். எங்கள் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எதை ஸ்கேன் எடுப்பது? கிரீடத்தையா? எதிர் அணிக்காரன்களும் பத்திரிகை படிக்கிறவர்கள்தானே. வலிக்கிற கை என்று தெரிந்ததும் எல்லாரும் அந்தக் கையையே தட்டினார்கள். ஆறாத புண்மேல் ஆட்டத்துக்கு முப்பது அடி. பாவம், இல்லாத வலிக்கு வாங்கிய அடியில் அவனுக்கு நிஜமாகவே முழங்கை வீங்கிவிட்டது.

இப்படியே போர்ட்லாந்து போய்ச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். நாடு முழுக்க ஒளிபரப்பு. கடைசி நிமிடம், நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். மேப்ரி கூடையை நோக்கிப் பாய்ந்தான். ஒரு தடியன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். துணியுறை தோளிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து தொங்கியது. நடுவர் விசில் ஊதினார். மேப்ரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று கூடைக்கு எறிவது. இரண்டும் விழுந்தால் வெற்றி எங்களுக்கு.

மேப்ரி கிழிசலை இடது கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு கோட்டில் போய் நின்றான். பந்தைப் பிடிக்க மிச்சமிருந்தது ஒரு கை. நடுவர் பார்த்தார்.

"அதைக் கழட்டு."

"வேணாம் சார், குளிருது."

"குளிருதா? யோவ் டேப், கத்தரிக்கோல் கொண்டா!"

இருபத்திரண்டு வருடத்தில் நான் மைதானத்துக்குள் அவ்வளவு மெதுவாக ஓடியதில்லை. மேப்ரி என் காதில், "அண்ணே, மயக்கம் போட்டு விழுந்துடுங்கண்ணே, கும்பிடறேன்," என்றான். எனக்கும் ஆசைதான். நடுவர் மணியைப் பார்த்தார். நான் வெட்டினேன். துணி கீழே விழுந்தது. ஃப்ரீ த்ரோ போடுகிறவனின் வலது முன்கை எந்தப் பக்கம் பார்க்கும்? நேராகக் கேமராவைப் பார்க்கும். கேமராக்காரன் தன் கடமையைச் செய்தான். திரை முழுக்க லெஜண்ட், கிரீடத்தோடு.

வர்ணனையாளர் சொன்னதைப் பிறகு ஒளிப்பதிவில் கேட்டேன். குரலில் பாயசம் வழிந்தது. "அடடா, புதுசா ஒண்ணு! மேப்ரி வீட்டுக்குச் சீக்கிரமே ஒரு ஆண் குழந்தை வருதுன்னு கேள்வி. பேரு இப்ப தெரிஞ்சுபோச்சு, லெஜண்ட்! ஒடெஸ்ஸா, பாத்துக்கிட்டிருக்கீங்களா? அருமையான பேரும்மா, வாழ்த்துகள்!"

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்திலும் படவில்லை, பலகையிலும் படவில்லை. மூன்றாவது வரிசையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த ஒருவரின் மடியில் போய் விழுந்தது.

தோற்றுப்போய் உடை மாற்றும் அறைக்கு வந்தோம். மேப்ரி தன் போனை எடுத்துப் பார்த்தான். ஒடெஸ்ஸாவிடமிருந்து அழைப்பு இல்லை. அடித்தது என் போன்.

"டேப் அண்ணே, ஒடெஸ்ஸா பேசறேன். அவருக்கு முழங்கை எப்படி இருக்கு?"

நான் வார்த்தையைத் தேடினேன். "இப்ப... இப்ப பரவால்லம்மா."

"நாலு நாளா ஐஸ் பொட்டலம் வாங்கி ஃப்ரீசர்ல அடுக்கி வெச்சிருக்கேன். சொல்லிடுங்க, டேட்டன்ல எங்கக்கா வீட்டுக்குப் போறேன். பிரசவத்துக்கும் அவளே கூட இருப்பா. அவரு வரவேணாம்."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. சிரித்துச் சிரித்து நானும் சேர்ந்து கட்டிய பொய்க்கு அந்தப் பெண் ஐஸ் வாங்கி வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. மேப்ரியிடம் சொன்னேன். ஆறடி ஆறங்குலமும் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பி அழுதது. மகன் பிறக்கும்போது அங்கே இருக்கவேண்டும் என்பது அவன் ஆசை. அவன் பிறந்தபோது அவன் அப்பா எந்த ஊரில் இருந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு தினமும் டேட்டனுக்குப் போன் செய்தான். அக்காதான் எடுத்தாள். அந்த அம்மாள் பேசியதை நான் எழுத முடியாது. நான்காம் நாள் பயிற்சி முடிந்த நேரத்தில் என் அறைக் கதவு திறந்தது. ஒடெஸ்ஸா. எட்டரை மாத வயிறு, கையில் மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் ரொட்டி. நேராக வந்து என் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். அறையில் இருந்த அத்தனை சிங்கங்களும் கழுகுகளும் அவசரமாகச் சட்டையைத் தேடின.

மேப்ரி அவள் முன்னால் போய் நின்றான். "அழிச்சிடறேன். மரிசோல்கிட்ட பேசிட்டேன். மேல ஒரு சிறுத்தை போட்டா ஒண்ணுமே தெரியாதாம்."

"சிறுத்தை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவள், மென்றுகொண்டே. "அழிக்கக் கூடாது. மறைக்கக் கூடாது. அந்தத் துணியும் வேணாம். அப்படியே இருக்கட்டும்."

மேப்ரியின் முகம் மலர்ந்தது. "அப்ப லெஜண்ட்..."

"மூடு வாய. இது என்ன, ஏன் குத்தினன்னு யாரு கேட்டாலும் நடந்தத நடந்தபடி சொல்லணும். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. வெளிய பேப்பர்காரங்க நிக்கறாங்க. இப்பவே போ. கதவத் தொறந்து வெச்சுட்டு நான் இங்கேர்ந்து கேக்கறேன். ஒழுங்கா சொன்னா ஆஸ்பத்திரிக்கு வரலாம்."

போனான். பத்துப் பன்னிரண்டு மைக்குகள். முதல் கேள்வி எது என்று நான் சொல்லவும் வேண்டுமா? அந்தக் கை.

"இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு," என்று மேப்ரி கண்ணை மூடினான். பெருமூச்சு விட்டான். பழக்கதோஷம்! நான் கதவிடுக்கில் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒடெஸ்ஸா ஒரு முறை தொண்டையைக் கனைத்தாள். அவன் கண்ணைத் திறந்தான்.

"இல்ல. அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்ல. புள்ளைக்குப் பேரு வெக்கற உரிமைய என் பெண்டாட்டிக்குக் குடுத்தேன். சத்தியம் பண்ணேன். அப்புறம் அவளக் கேக்காம, அவ சொன்ன பேரு வேணாம்னு, நானா இதக் குத்திக்கிட்டேன். குத்திட்டா அவளால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனச்சேன். முழங்கை வலின்னு பொய் சொன்னேன். பையன் பேரு இது இல்ல. பேர அவ சொல்லுவா."

ஒருத்தரும் எழுதவில்லை. இந்த மாதிரிப் பதிலை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. பிறகு யாரோ பின்னாலிருந்து கைதட்டினார்கள். பார்த்தால் பெரிசு. "பதினஞ்சு வருஷத்துல ஒருத்தன் பச்சைக்குக் கதை சொல்லி இப்பதான்யா எனக்குப் புரியுது," என்றான்.

எல்லிஸ் மார்ச் பத்தொன்பதாம் தேதி பிறந்தான். அப்பா பக்கத்தில் இருந்தார். லெஜண்ட் என்று எழுதிய கையில்தான் எல்லிஸை வாங்கினார். கையில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு மேப்ரி இன்றைக்கும் முழுக்கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு மாதம் கழித்து மரிசோலுக்கு ஆள் அனுப்பப் பார்த்தான், எல்லிஸ் பெயரை நெஞ்சில் எழுத. ஒடெஸ்ஸா விடவில்லை.

"அவன் பேரு அவனோடது. உன் நெஞ்சுல போட்டுக்கலாமான்னு அவனயே கேளு."

"அவனுக்குப் பேச்சு வரலியே!"

"வரட்டும். அதுவரைக்கும் சும்மா இரு."

நீங்கள் இவ்வளவு நேரம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தீர்கள். என் உடம்பில் ஒரு புள்ளி மை கிடையாது, எனக்கென்ன என்று சட்டைக் கையை மடித்துப் பார்த்துக்கொண்டும் இருப்பீர்கள். ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகள் என்ன படிக்கப் போகிறாள், எந்தக் கல்லூரியில், முடித்துவிட்டு எந்த நாட்டுக்குப் போகப் போகிறாள் என்று உறவுக்காரர், பக்கத்து வீட்டார், அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லியாயிற்றல்லவா? நல்லது. அவளிடம் எப்போது கேட்கப் போகிறீர்கள்?